வழி கேட்டுப் போகிற விளையாட்டு

"இன்னும் அந்தப் பழைய கேமைத்தானா விளையாடுறீங்க?" என்று கேட்பவர்களிடம் சிரித்து நழுவிவிடுவதுதான் என் வழக்கம். நின்று விளக்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிவிடும், கேட்டவருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் அக்காவின் மகன் அண்மையில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழும்ப மாட்டேன் என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. அவசரமில்லாதவர்கள் வாசியுங்கள்.

கேமின் பெயர் மோரோவின்ட். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் மூன்றாவது. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2002 மே மாதம் கொம்பியூட்டருக்கு வெளியிட்டது, அடுத்த மாதமே எக்ஸ்பொக்ஸுக்கும் வந்துவிட்டது. டொட் ஹோவார்ட் திட்டத் தலைவர், கென் ரோல்ஸ்டன் தலைமை வடிவமைப்பாளர். இந்த வகைக் கேம்களை ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி என்பார்கள். ஒரு பாத்திரத்தை நீங்களே உண்டாக்க வேண்டும். அதற்குப் பெயர் வைத்து, வாளா மந்திரமா களவா எதில் கைதேரப் போகிறது என்று முடிவுசெய்து, அந்த ஆளாகவே ஒரு உலகத்துக்குள் திரிய வேண்டும்.

இதே நிறுவனம் 1996இல் 'டாகர்ஃபோல்' என்றொரு கேம் செய்தது. அதன் நிலப்பரப்பு பிரித்தானியா அளவுக்குப் பெரியது என்று பெருமையாகப் பேசப்பட்டது. அவ்வளவு நிலத்தையும் மனிதர் இருந்து வரைய முடியுமா? கொம்பியூட்டரே கணக்குப் போட்டுப் பரப்பிவிட்டது. விளைவு, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வித்தியாசம் தெரியாது. அதன்பின் வந்த கேம்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1990களின் கடைசியில் நிறுவனம் மூடுகிற நிலைக்கு வந்துவிட்டது. அந்த நெருக்கடிக்குள் இருந்துதான் மோரோவின்ட் பிறந்தது. இம்முறை நிலத்தைச் சுருக்கினார்கள். ஒரேயொரு தீவு, பெயர் வார்டன்ஃபெல். ஆனால் பாறைகளையும் பாதைகளையும், குடிசைக்குள் மேசைமேல் இருக்கும் கோப்பை வரைக்கும் கையாலேயே எடுத்து வைத்தார்கள்.

அந்தத் தீவைப் போல இன்னொரு இடத்தை வேறெந்தக் கேமிலும் நான் காணவில்லை. நடுவே செம்மலை என்ற எரிமலை. அதைச் சுற்றிச் சாம்பல் புயல் வீசும் வெட்டை. கரையோரம் சதுப்பு. தென்னை உயரத்துக்கு வளர்ந்த காளான்கள். ஆல்ட்ரூன் என்ற ஊரில் பெரிய மனிதரின் மாளிகைகள் செத்துப்போன ஒரு இராட்சத நண்டின் ஓட்டுக்குள் இருக்கின்றன. விவெக் என்ற நகரம் தண்ணீருக்குள் அடுக்கடுக்காக எழும்பி, பாலங்களால் இணைந்து நிற்கும். டெல்வானி என்ற மந்திரவாதிகள் காளானையே கோபுரமாக வளர்த்து உச்சியில் குடியிருப்பார்கள். மேலே ஏறப் படி கிடையாது. மிதக்கத் தெரியாதவனோடு அவர்களுக்கென்ன பேச்சு? நீங்கள் மிதக்கும் மந்திரம் படித்துக்கொண்டோ அதற்கான மருந்தைக் குடித்துவிட்டோதான் போக வேண்டும். காசு கொடுத்துக் கேமை வாங்கியவர் என்பதற்காக யாரும் ஏணி வைத்துத் தர மாட்டார்கள்.

பெயர் பதிகிற இடம்

கேம் ஒரு கப்பலின் அடித்தளத்தில் தொடங்குகிறது. நீங்கள் ஒரு கைதி. ஏன் பிடித்தார்கள், ஏன் விடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு கைதி உங்கள் பெயரைக் கேட்பான், அப்போதுதான் பெயரைத் தட்டச்சுச் செய்கிறீர்கள். கரையில் இறங்கியதும் எந்த ஊர் ஆள் என்று ஒருவன் கேட்பான். பிறகு செய்டா நீன் என்ற சதுப்புநிலக் கிராமத்துப் பதிவு அலுவலகம். அங்கே ஒரு வயதான உத்தியோகத்தர் பேப்பரும் பேனையுமாக இருப்பார். என்ன தொழில், எந்த நட்சத்திரத்தில் பிறந்தாய் என்று அவர் கேட்கக் கேட்க உங்கள் பாத்திரம் உருவாகிக்கொண்டே போகும். மற்றக் கேம்கள் இதற்கென்று தனித் திரையைக் காட்டி, பொத்தான்களைத் தந்துவிடும். இதில் அலுவலக விசாரணைதான் அந்தத் திரை.

எங்கள் வவுணதீவுக்காரருக்கு இந்த இடம் சாதாரணமாகக் கடந்துபோகாது. 2007 வரை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், கிழக்கே மட்டக்களப்பு நகரம் அரசின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. நடுவில் வலையிறவுப் பாலம், இந்தப் பக்கம் வவுணதீவுச் சோதனைச் சாவடி. நகரத்துக்குப் பள்ளிக்கூடம் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அரிசி மூட்டையோடு சந்தைக்குப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பெயர் என்ன, எங்கிருந்து வாறாய், எங்கே போறாய், ஏன் போறாய். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி அந்தக் கேள்விகள் கொஞ்சம் தளர்ந்த வருஷத்தில்தான் மோரோவின்டும் வந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் ஊருக்குள் அந்தக் கேம் வந்து சேரவே பல வருஷம் பிடித்தது. மின்சாரம் வர வேண்டும், கொம்பியூட்டர் வர வேண்டும், பிறகுதானே கேம். ஆனால் முதன்முதலில் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, அமெரிக்காவின் மேரிலண்டில் இருந்து கேம் செய்த யாரோ ஒருவருக்கு இந்த உணர்வு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன்.

அதோடு முடியவில்லை. கேம் முழுக்க நீங்கள் வெளியூர்க்காரன்தான். உள்ளூர்க்காரர் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுவார்கள். சாட்ரித் மோரா என்ற ஊருக்குப் போனால், வந்தேறிகள் சத்திரத்தில் போய்க் காசு கட்டி ஒரு அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஊருக்குள் வியாபாரம் நடக்காது. பெரும்பாலான கேம்களில் வந்து இறங்கிய அன்றே நீங்கள்தான் நாயகன், ஊரே எழும்பி நிற்கும். இங்கே மரியாதையை நீங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிக்க வேண்டும். கிடைக்கிறபோது அதற்கு ஒரு ருசி இருக்கிறது.

அம்புக்குறி இல்லாத ஊர்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் விளையாட உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே கேட்ட கேள்வி இது.

"மாமா, எங்க போற எண்டு காட்டுதில்லயே. அம்புக்குறிய எங்க போட்டிருக்கானுகள்?"

"அம்புக்குறி இல்ல மனே."

"மறுகா எப்பிடிப் போற?"

"கேட்டுத்தான் போற."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் தெரிந்தது.

உங்களுக்குக் கொடுக்கப்படும் முதல் வேலை, பல்மோரா என்ற ஊரில் காயஸ் கொசாடெஸ் என்பவரிடம் ஒரு பொதியைச் சேர்ப்பது. வீட்டிலக்கம் கிடையாது. ஊருக்குள் இன்ன சாராயக்கடைக்குப் போய் அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரி என்றுதான் கையில் தந்த தாள் சொல்லும். போய் விசாரித்தால் ஆளின் வீட்டைச் சொல்வார்கள். கதவைத் திறந்தால் மேற்சட்டை இல்லாத ஒரு கிழவர். அந்தத் தீவில் பேரரசின் உளவுப் படைத் தலைவர் அவர்தான். அவர் உங்களைப் பார்த்து, நீ இன்னும் பச்சைப் பிள்ளை, கொஞ்சக் காசு தருகிறேன், எங்காவது வேலை தேடி அனுபவப்பட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார். மையக் கதை தொடங்கியதும் உங்களை வெளியே அனுப்பி, ஊர் சுற்றச் சொல்கிற துணிச்சல் எத்தனை கேமுக்கு இருக்கிறது?

அடுத்து ஒரு பழைய இடிபாட்டுக்குள் இருந்து ஒரு பெட்டியை எடுத்து வர வேண்டும். இடிபாட்டின் பெயரை உச்சரிக்கவே முடியாது, ஆர்க்ங்தாண்ட். அதற்கு வழி சொல்வார்கள். தெற்கால் ஊரை விட்டு வெளியேறு, பாலத்தால் ஆற்றைக் கடந்து கிழக்கே திரும்பு, எரிமலைக் குழம்பு ஓடிய பள்ளத்தாக்கு ஒன்று வரும், அதன்மேல் பழங்காலப் பாலம் ஒன்று இருக்கும், அதையும் கடந்து போ. இவ்வளவும் எழுத்தில், உங்கள் நாட்குறிப்பில் ஏறிவிடும். போய்ச் சேர்ந்தாலும் வாசல் திறக்காது. பக்கத்தில் குழாய் ஒன்றில் இருக்கும் கைப்பிடியைப் பார்த்துச் சுழற்ற வேண்டும். அதைப் பார்க்காமல் கதவோடு மல்லுக்கட்டி வீடு திரும்பியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

படுவான்கரையில் மோட்டார் சைக்கிளில் திரிந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஆயித்தியமலைப் பக்கம், உன்னிச்சைப் பக்கம் ஒரு ஆளைத் தேடிப் போய்ப் பாருங்கள். கடையில் நிற்பவர் சொல்வார்: "இந்த வாய்க்கால் கட்டால நேர போங்க தம்பி. ஒரு மருதமரம் வரும், அதில திரும்பாதீங்க. அங்கால அம்மன் கோயில் ஒண்டு, அதுக்குப் பின்னால இடக்கைப் பக்கம் ஒழுங்கை. வட்டைக்குள்ள தண்ணி நிக்கும், வரம்பால போங்க. பொழுது பட முன்னம் திரும்பிருங்க, ஆனை இறங்குற இடம்." போனில் வரைபடம் இருந்தாலும் அது இதில் பாதியைச் சொல்லாது. தண்ணி நிற்பதையும் ஆனை இறங்குவதையும் ஆள்தான் சொல்ல முடியும்.

வழி கேட்டுப் போனால் போகிற வழி முழுக்க உங்கள் கண் திறந்திருக்கும். மருதமரம் வந்ததா, கோயில் எந்தப் பக்கம், இது அந்தப் பாலமா வேறா என்று பார்த்துக்கொண்டே போவீர்கள். அதனால்தான் கேமை மூடிவிட்டுப் பல வருஷம் கழித்தும் பல்மோராவுக்குள் எந்தச் சந்தால் திரும்பினால் எந்தக் கடை என்று என்னால் சொல்ல முடிகிறது. இதே நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'ஒப்லிவியன்', 2011இல் வெளியிட்ட 'ஸ்கைரிம்' இரண்டையும் நான் விரும்பி விளையாடியிருக்கிறேன். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் திசைகாட்டியில் ஒரு அடையாளம் மின்னும், அதைப் பார்த்தபடி ஓடுவேன். ஓடி முடித்த பிறகு எந்த ஊரைத் தாண்டி வந்தேன் என்று கேட்டால் முழிப்பேன். மோரோவின்ட் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கேம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகாது. நடக்க விடும், தவற விடும். அதனால் நிலம் மனதில் பதிந்துவிடும்.

இதற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மோரோவின்டில் பேச்சுக் குரல் மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லாமே எழுத்து. எழுத்து மலிவு, ஒரு மீன்பிடிகாரன் வாயில்கூடப் பத்து ஊருக்கு வழி எழுதி வைக்கலாம். ஒப்லிவியனில் எல்லோருக்கும் குரல் கொடுத்தார்கள். நடிகரை அழைத்துப் பதிவு செய்கிற ஒவ்வொரு வரிக்கும் செலவு, டிஸ்கில் இடம். வரிகள் சுருங்கின. வழி சொல்ல வாயில்லாத இடத்தில் அம்புக்குறி வந்து குந்தியது.

பாதையும் தோணியும்

பயணமும் அப்படித்தான். வரைபடத்தில் தொட்டவுடன் போய்ச் சேர்கிற வசதி இல்லை. சில்ட் ஸ்டிரைடர் என்றொரு பிராணி இருக்கிறது. நெடுங்கால்கள் கொண்ட இராட்சதப் பூச்சி. அதன் முதுகு ஓட்டைக் குடைந்து ஆட்களை ஏற்றுவார்கள். ஓட்டுபவர் அதன் உள்நரம்புகளைத் தொட்டுத் தொட்டுச் செலுத்துவார். சில ஊர்களுக்கு அது போகும், சிலவற்றுக்குப் படகு, மந்திரவாதிகள் சங்கக் கிளைகளுக்கிடையே மந்திரப் பயணம். ஒன்றில் இறங்கி ஒன்றில் மாற வேண்டும். செய்டா நீனில் இருந்து சாட்ரித் மோராவுக்குப் போக, பூச்சியில் ஏறி விவெக், அங்கிருந்து படகில் எபன்ஹார்ட், மறுபடி படகு. இந்த இணைப்பெல்லாம் மனப்பாடமாகும்போது தீவே உங்களுக்குச் சொந்தமானது போல ஒரு எண்ணம் வரும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைப் 'பாதை' என்றுதான் சொல்வோம். குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்குப் பாதை, குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதை. மண்முனைத் துறையிலும் பாதைதான் ஓடியது, 2014இல் பாலம் திறக்கும்வரை. எந்தப் பாதை எத்தனை மணிக்கு, தவறவிட்டால் எந்தப் பாலத்தால் சுற்ற வேண்டும் என்பது பெரியவர்கள் தலைக்குள் இருக்கும். பாலம் வந்தது நல்லது, அதில் எனக்கு ஏக்கம் ஒன்றும் இல்லை. நோயாளியை வைத்துக்கொண்டு துறையில் காத்திருந்தவருக்குத்தான் பாலத்தின் அருமை தெரியும். ஆனால் விளையாட்டில் நோயாளி யாரும் இல்லையே. அங்கே காத்திருப்பும் மாறி ஏறுவதும் பயணத்துக்கு நீளம் தருகின்றன. சின்னத் தீவு பெரிதாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

சாகக்கூடாதவர் செத்தால்

மருமகன் காயஸ் கொசாடெஸைக் கொன்றுவிட்டான். ஏன் என்று கேட்டேன். "சும்மா, கொல்ல ஏலுமா எண்டு பாத்த" என்றான். பல கேம்களில் கதைக்கு வேண்டிய ஆட்களுக்குச் சாவே வராது. அடித்தால் மயங்கி விழுந்து எழும்புவார்கள். இங்கே செத்துப்போனார். உடனே திரையில் ஒரு செய்தி வந்தது. விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேமிப்புக்குத் திரும்பு, அல்லது நீ உண்டாக்கிய இந்தக் கெட்ட உலகத்திலேயே தொடர்ந்து வாழ் என்ற பொருளில்.

"இப்ப என்ன செய்ற மாமா?"

"உன்ட விருப்பம். கேம் நிக்காது."

உண்மையில் மையக் கதையின் ஆட்களைக் கொன்றுபோட்ட பிறகும் கதையை முடிக்க ஒரு குறுக்கு வழியை வடிவமைப்பாளர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். விவெக் நகரத்தில் தெய்வமாக வணங்கப்படும், அதே பெயருடைய விவெக்கையே கொன்று, அவனிடம் இருக்கும் கவசக் கையுறையை எடுத்து, அழிந்துபோன ட்வெமர் இனத்தில் உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரேயொருவரிடம் கொண்டுபோய்ச் சீர்செய்து அணிந்துகொண்டு இறுதிப் போருக்குப் போகலாம். அதற்கு விலையாக உடம்பு பாதிக்கப்படும். யாரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

கதையும் இப்படித்தான் நழுவும். பழைய வீரன் நெரவாரின் மறுபிறப்பு நீங்கள் என்று ஒரு தீர்க்கதரிசனம் சொல்கிறது. உண்மையா? ஒரு குகைக்குள் போனால், உங்களுக்கு முன் அதே தீர்க்கதரிசனத்தை நம்பித் தோற்றுச் செத்தவர்களின் ஆவிகள் வரிசையாக நின்று பேசும். அந்தக் குகை வாசல்கூட விடியும் நேரத்திலும் பொழுதுபடும் நேரத்திலும் மட்டும்தான் திறக்கும். நெரவார் எப்படிச் செத்தான் என்று கோயில்காரர் ஒன்று சொல்வார்கள், சாம்பல் வெட்டைக் குடிகள் வேறு சொல்வார்கள், கேமுக்குள் கிடக்கும் புத்தகங்கள் இன்னொன்று சொல்லும். எது சரி என்று கேம் கடைசிவரை தீர்ப்புச் சொல்லாது. யார் வாயில் இருந்து வருகிறது, அவருக்கு அதில் என்ன லாபம் என்று பார்த்து நீங்கள்தான் முடிவு கட்ட வேண்டும். ஒரே சம்பவத்துக்கு இரண்டு மூன்று வரலாறு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனக்கு ஆச்சரியம், ஒரு கேம் அதை இவ்வளவு நேர்மையாகச் செய்தது.

கதை தெரிந்த பிறகு திரும்ப ஏன் விளையாட வேண்டும் என்று கேட்பவர்கள் ஒருமுறை கன்னன்குடாப் பக்கம் வடமோடிக் கூத்துப் பார்க்க வர வேண்டும். அபிமன்யு சாகப்போவது களரியைச் சுற்றியிருக்கும் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் விடிய விடியப் பாய் போட்டு இருக்கிறார்கள். இந்த முறை ஆடுகிறவன் எப்படி ஆடுகிறான் என்பதைத்தான் பார்க்கிறார்கள். நானும் ஒருமுறை வாள்காரனாக, ஒருமுறை வாளே தொடாத மருந்துக்காரனாக, ஒருமுறை முழுக்கள்ளனாக அதே தீவில் இறங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே அலுவலகம், அதே கேள்வி, வேறு ஆள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன்

ஆரம்பத்தில் சண்டை எரிச்சலூட்டும். வாள் நண்டின் மேல் படுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள், ஆனால் அடி விழுந்ததாகக் கேம் ஒத்துக்கொள்ளாது. உள்ளே தாயம் உருட்டுவது போல ஒரு கணக்கு ஓடுகிறது. ஆயுதத்தில் உங்கள் தேர்ச்சி, உடம்பின் களைப்பு எல்லாம் சேர்ந்து அடி படுமா என்று தீர்மானிக்கும். ஓடி வந்து மூச்சிரைக்க அடித்தால் ஒன்றும் படாது. கேமை முதல் மணித்தியாலத்திலேயே கைவிட்டவர்களில் பாதிப்பேர் இதனால்தான் விட்டிருப்பார்கள். நின்று களைப்பாறி அடிக்கப் பழகினால் சரியாகிவிடும்.

கிளிஃப் ரேசர் என்றொரு பறவை. பறக்கும் பிசாசு என்றே சொல்லலாம். வானத்தில் எங்கிருந்தோ கத்திக்கொண்டு இறங்கிக் கொத்தும். மலைப்பக்கம் போனால் ஒன்றை அடித்து விழுத்த இன்னொன்று வரும். இதை விரும்பிய ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சில வழிக்குறிப்புகள் மகா மோசம். கிழக்கே என்று சொன்ன இடம் வடகிழக்கில் இருக்கும். ஆட்கள் நடப்பது கால்சட்டை இறுகியவர் நடப்பது மாதிரி. முகங்கள் அன்றைக்கே அழகில்லை, இன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

இருந்தாலும் அதன் குறும்பு எனக்குப் பிடிக்கும். செய்டா நீனை விட்டு வெளியேறிக் கொஞ்சத் தூரம் நடந்தால் வானத்தில் இருந்து அலறல் கேட்கும். ஒரு மந்திரவாதி உங்கள் கண் முன்னே பொத்தென்று விழுந்து சாவான். அவனுடைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், தான் கண்டுபிடித்த தாவும் மந்திரத்தைப் பற்றிப் பெருமையாக எழுதி வைத்திருப்பான். மிச்சம் மந்திரச் சுருள்களும் கிடக்கும். நீங்களும் வாசித்தால் அரைத் தீவைத் தாண்டிப் பறப்பீர்கள். இறங்குவது எப்படி என்று அவன் யோசிக்கவில்லை. நீங்கள் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இன்னும் உயிரோடிருப்பதன் இரகசியம்

பெதஸ்டா அன்று ஒரு பெரிய வேலை செய்தது. கேமை உருவாக்கிய கருவியையே டிஸ்கில் சேர்த்துக் கொடுத்துவிட்டது. வாங்கியவர் தாமே ஊரைக் கட்டலாம், ஆளை வைக்கலாம், கதை எழுதலாம். இப்படி ரசிகர்கள் செய்யும் சேர்க்கைகளை மொட் என்பார்கள். நிறுவனம் 2002 நவம்பரில் 'டிரைபியூனல்', 2003 ஜூனில் 'பிளட்மூன்' என்று இரண்டு விரிவுகளோடு நிறுத்திக்கொண்டது. ரசிகர்கள் நிறுத்தவில்லை. 'டம்ரியல் ரீபில்ட்' என்ற குழு, தீவுக்கு அப்பால் கேமில் காட்டப்படாத பெருநிலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கேம் வெளிவர முன்னமே தொடங்கிய முயற்சி அது, சம்பளம் இல்லாத வேலை. 2024 நவம்பரிலும் ஒரு பெரிய பகுதியை வெளியிட்டார்கள். கேமில் குரல் குறைவு என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கே வரமாகிவிட்டது. புதிய ஆளைச் சேர்க்க நடிகரைத் தேட வேண்டாம், எழுதத் தெரிந்தால் போதும்.

இன்னொரு குழு 'ஓபன்எம்டபிள்யூ' என்ற பெயரில் கேமின் என்ஜினையே புதிதாக எழுதியிருக்கிறது. இலவசம், மூலநிரலும் திறந்தது. மூலக் கேமின் கோப்புகள் உங்களிடம் இருந்தால் விண்டோஸ், லினக்ஸ், மெக் எல்லாவற்றிலும் ஓடும். இதனால் பழைய டிஸ்க் புதிய இயந்திரத்தில் முரண்டு பிடிப்பது போன்ற தொல்லைகள் தீர்ந்தன. இன்னொரு பக்கம், கேமைச் சில நிமிடங்களில் முடித்துக்காட்டுகிற வேகப் போட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது புரியாத பொழுதுபோக்கு, ஆனால் பார்க்க வாய் பிளக்கும்.

2025 ஏப்ரலில் ஒப்லிவியனைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். மோரோவின்டுக்கும் அப்படி ஒன்று வராதா என்று ஆட்கள் கேட்கிறார்கள். வந்தால் சந்தோஷம். முகத்தைத் திருத்தட்டும், கிளிஃப் ரேசரை ஒழிக்கட்டும். அம்புக்குறியை மட்டும் கொண்டுவந்து விடாதிருக்கட்டும்.

தொடங்க நினைத்தால்

பெரிய இயந்திரம் வேண்டாம். 2002இல் 500 மெகாஹேர்ட்ஸ் புரோசஸரும் 1 ஜிபி இடமும் இருந்தால் ஓடும் என்றார்கள். இன்று வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியே அதைவிடப் பல மடங்கு பலசாலி. ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் விரிவுகளோடு சேர்த்தே விற்கிறார்கள். தள்ளுபடி நாள் பார்த்து வாங்குங்கள். வாங்கி ஓபன்எம்டபிள்யூவில் ஓடவிடுங்கள். முதல் ஆட்டத்தில் மொட் எதையும் போடாதீர்கள். ஊர் எப்படி இருந்தது என்று தெரியாமல் எதைத் திருத்துவது?

ஆயுதம் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே தேர்ச்சி பெறுங்கள். நீளவாள் என்றால் நீளவாள்தான், கையில் கிடைத்ததையெல்லாம் வீசினால் ஒன்றும் படாது. ஆங்கிலம் நிறைய வாசிக்க வேண்டும், அதற்குப் பயப்படாதீர்கள். மருமகனுக்குத் தெரியாத சொற்களை அவனே போனில் பார்த்துக்கொள்கிறான், ரியூசனுக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சம் மிச்சம் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். கேமின் நாட்குறிப்பு எல்லாவற்றையும் தேதி வரிசையில் கொட்டி வைக்கும், பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு.

கடைசியாக ஒன்று. பதிவு அலுவலகத்தை விட்டு வெளியேறுகிற இடத்தில் ஒரு பீப்பாய் இருக்கும், அதற்குள் ஒரு மோதிரம். வெளியே வந்ததும் ஃபார்கோத் என்ற ஒரு குட்டையன் தன் மோதிரம் தொலைந்ததாகப் புலம்புவான். விற்றுக் காசாக்கலாம், கேம் தடுக்காது. நான் சொல்வது, திருப்பிக் கொடுங்கள். ஊர்க் கடைக்காரன் அரில் அவனுடைய கூட்டாளி. அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலை கொஞ்சம் இறங்கியிருக்கும்.